குதித்தால் குதித்ததுதான்: கோஸ்ட்ஸ் 'ன் காப்ளின்ஸும் அதன் வாரிசுகளும்

1985 செப்டம்பரில், ஒரே மாதத்தில், ஜப்பானில் இரண்டு கேம்கள் வெளிவந்தன. முதலாவது நிண்டெண்டோவின் சூப்பர் மரியோ பிரதர்ஸ். அதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் டிவியோடு இணைத்து ஆடிய வீடியோ கேமில் மரியோ இல்லாத கார்ட்ரிட்ஜைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று கேப்காம் நிறுவனத்தின் மகாய்முரா. வெளிநாடுகளில் அதன் பெயர் கோஸ்ட்ஸ் 'ன் காப்ளின்ஸ். இரண்டிலும் ஒரு சின்ன ஆள் இடமிருந்து வலமாக ஓடுகிறான், குதிக்கிறான், தூக்கிச் செல்லப்பட்ட இளவரசியைத் தேடுகிறான். கதை என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி.

கையில் பிடித்து ஆடினால் இரண்டும் வேறு வேறு உலகம். மரியோ தரையை விட்டுக் கிளம்பிய பிறகும் அவன் நம் பேச்சைக் கேட்பான். பட்டனை அழுத்திப் பிடித்தால் உயரம் கூடும், சீக்கிரம் விட்டால் குறையும். குதித்த பின் தப்பு என்று தோன்றினால் நடு ஆகாயத்திலேயே பின்னுக்கு இழுக்கலாம். மகாய்முராவின் நாயகன் ஆர்தர் அப்படியல்ல. நேராகக் குதித்தால் நேராகவே இறங்குவான். முன்னால் குதித்தால் அளந்து வைத்த ஒரே வளைவில் போய், அளந்து வைத்த அதே தூரத்தில்தான் விழுவான். இறங்கப்போகும் இடத்தில் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரு பிணம் எழுந்து நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. வேண்டுமானால் அந்தரத்தில் இருந்தபடியே ஈட்டியை எறியலாம். குதித்தால் குதித்ததுதான்.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு போனால், நாற்பது வருடமாக 'கொடூரமான கேம்' என்று பெயர் வாங்கியிருக்கும் இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் விளக்கிவிடலாம் என்பது என் எண்ணம். அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.

முதலில் இப்படிக் கட்டி வைத்ததற்கான காரணம். அப்போது ஓடி வந்து குதிக்கும் கேம்களில் வளையாத குதி, அதாவது கிளம்பிய பிறகு மாற்ற முடியாத குதி, புதுமையல்ல. 1981இல் வந்த டாங்கி காங்கிலும் குதி அப்படித்தான். மரியோதான் விதிவிலக்கு. அதன் காரணம் பணம் வரும் வழியில் இருக்கிறது. மரியோவை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் அது நம் வீட்டில் இருக்கும். எவ்வளவு நேரம் ஆடினாலும் நிண்டெண்டோவுக்கு நஷ்டமில்லை. மகாய்முராவோ ஆர்கேட் கேம், காசு போட்டு ஆடும் மெஷின்கள் வைத்த கடைக்காகச் செய்தது. அந்தக் கடைக் கணக்கு நேர் எதிர். கடைக்காரர் நிறையப் பணம் போட்டு கேம் ஓடும் சர்க்யூட் போர்டை வாங்கி வைக்கிறார். ஜப்பானில் ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக 100 யென், அமெரிக்காவில் 25 சென்ட். ஒரே ஆள் ஒரு காசில் அரை மணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல். ஆகவே ஆட்டக்காரர் சில நிமிடங்களில் சாக வேண்டும். அதேசமயம் செத்தவர் சலித்துப்போய் நடையைக் கட்டக்கூடாது, பையில் அடுத்த காசைத் தேட வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பதுதான் ஆர்கேட் வடிவமைப்பின் முழுத் தொழிலும். இத்தனைக்கும் போர்டிலேயே குட்டி சுவிட்சுகள் உண்டு. எத்தனை உயிர் தருவது, எவ்வளவு கடினமாக வைப்பது என்பதைக் கடைக்காரரே அதில் மாற்றிக்கொள்ளலாம்.

மகாய்முராவின் வளையாத குதி இந்த இரட்டை வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. அது நம்மைக் கொல்கிறது. கொன்றுவிட்டுப் பழியையும் நம் மேலேயே போடுகிறது. குதியின் தூரம் எப்போதும் ஒன்றுதான் என்பதால் எங்கே விழுவோம் என்பது கிளம்பும்போதே தெரியும். தெரிந்தும் போய் விழுந்தது யார்? "அவசரப்பட்டுட்டேன், இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று மனசு சொல்லும், கை பைக்குள் போகும். மெஷின் ஏமாற்றிவிட்டது என்று தோன்றியிருந்தால் அந்த இரண்டாவது காசு விழுந்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமாக எதிரிகளை வைத்திருப்பதுதான் சாமர்த்தியம். முதல் கட்டத்தின் இடுகாட்டில் பிணங்கள் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எழுவதில்லை. ஆர்தர் நிற்கும் இடத்தைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். மாறவே மாறாத குதி ஒரு பக்கம், எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாத கூட்டம் இன்னொரு பக்கம். மேலே கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும், நின்று நிதானித்து யோசிக்க விடாது. முழுப் பாதையையும் மனப்பாடம் செய்தவராலும் கண்ணை மூடிக்கொண்டு ஆட முடியாது. அதேபோல் கை வேகத்தை மட்டும் நம்பியவரும் தேறமாட்டார். ஒவ்வொரு முறையும் அரை நொடியில் ஒரு கணக்குப் போட வேண்டும்: இப்போது குதிக்கலாமா, எறிந்துவிட்டுக் குதிக்கலாமா, நின்றுகொள்ளலாமா?

இதை உருவாக்கியவர் டோகுரோ ஃபுஜிவாரா. கொனாமி என்ற கேம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கேப்காமுக்கு வந்தவர். கேப்காம் அப்போது வீடியோ கேமுக்குப் புதிய கம்பெனி. 1984இல்தான் வல்கஸ் என்ற முதல் வீடியோ கேமை வெளியிட்டிருந்தது. 1985இல் ஃபுஜிவாரா கமாண்டோ என்ற சுடும் கேமைத் தந்தார், அதே வருடம் மகாய்முராவையும் தந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் செய்த பயோனிக் கமாண்டோ இன்னும் ஒரு படி மேலே போனது. மேடை மேடையாக ஏறிப்போகும் அந்த கேமின் நாயகனுக்குக் குதிக்கவே தெரியாது! கையில் ஒரு இரும்புக் கொக்கி, அதை வீசித் தொங்கித்தான் போக வேண்டும். ஆட்டக்காரரிடமிருந்து எதைப் பறித்தால் ஆட்டம் சுவையாகும் என்று யோசிக்கும் மூளை அவருடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவ்வளவு கெடுபிடியான கேமில் சிரிப்பும் இருக்கிறது, அது வெறும் அலங்காரமும் இல்லை. கதை தொடங்கும்போதே வீரன் ஆர்தர் இடுகாட்டில், வெறும் டிராயரோடு, இளவரசியின் பக்கத்தில் இருக்கிறான். அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று நாம் கேட்கக்கூடாது. அரக்கன் வந்து இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஆர்தர் கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். முதல் அடி விழுந்ததும் அந்தக் கவசம் சிதறிவிடும், மறுபடியும் டிராயர்தான். அடுத்த அடியில் எலும்புக்கூடாகி உதிர்ந்துவிடுவான். கோடுகளும் எண்களும் வைத்து உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டிக்கொண்டிருந்தால் இந்த அளவு உறைக்காது. உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் தெரியும். ஆர்கேட் கடையில் அதுவும் முக்கியம், ஏனென்றால் வேடிக்கை பார்ப்பவர்தான் அடுத்த வாடிக்கையாளர். மானம் போன வீரன் டிராயரோடு பேய்களுக்கு நடுவே ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம், அவன் சாகும்போதும் சிரித்துவிடுகிறது. தோல்வியின் கசப்பு அந்தச் சிரிப்பில் பாதி போய்விடும்.

ஆயுதங்களிலும் இதே குசும்புதான். சில எதிரிகள் பானையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அடித்தால் உள்ளே இருக்கும் பொருள் கீழே விழும். பொதுவாக இந்த மாதிரி கேமில் கிடைக்கும் பொருள் நல்லதாகவே இருக்கும். இங்கே அப்படி நம்பி ஓடக்கூடாது. ஆர்தர் ஒரு நேரத்தில் ஒரு ஆயுதம்தான் வைத்திருப்பான், தொட்டால் பழையது போய்விடும். கத்தி கிடைத்தால் அதிர்ஷ்டம், வேகமாக எறியலாம். தீப்பந்தம் கிடைத்தாலோ கஷ்டகாலம்: வளைந்து போய்த் தரையில் விழுந்து எரியும், எதிரே பறந்து வருபவனை அது ஒன்றும் செய்யாது. அதனால் பழகிய ஆட்டக்காரர்கள் கீழே கிடக்கும் தீப்பந்தத்தைத் தாண்டிக் குதிப்பார்கள். அந்தக் குதியும் வளையாது என்பதால் பல நேரம் அதன் மேலேயே போய் விழுவார்கள். பரிசையே கண்ணிவெடி ஆக்கிய கேம் இது.

அப்புறம், செந்நிறச் சிறகு அரக்கன். ஜப்பானில் ரெட் அரீமர் என்று பெயர். முதல் கட்டத்திலேயே, பாதி வழியில், தரையில் சும்மா உட்கார்ந்திருப்பான். நெருங்கி ஆயுதத்தை எறிந்தால் எழும்பிவிடுவான். நாம் எறிவதைப் பார்த்து விலகுவான், மேலே போவான், திடீரென்று வளைந்து பாய்வான். பிணங்களும் காகங்களும் தன் போக்கில் வருபவை. இவன் நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்து அதற்குப் பதில் செய்கிறான். 1985இல் ஒரு சாதாரண எதிரிக்கு இந்த அளவு புத்தி வைத்தது பெரிய விஷயம். அதைவிடக் கொடுமை, ஆகாயத்தில் ஆர்தருக்கு மறுக்கப்பட்ட சுதந்திரம் முழுவதும் இவனிடம் இருக்கிறது. நாம் ஒரு வளைவில் கட்டுண்டு கிடக்கும்போது இவன் இஷ்டத்துக்குத் திரும்புகிறான். கடைசியில் வரும் பெரிய அரக்கர்களைவிட இவனைத்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள். கேப்காமும் இதைக் கவனித்தது. 1990இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு வந்த கார்கோயில்ஸ் குவெஸ்ட்டில் இவனே நாயகன். ஆனால் நாயகன் ஆனதும் அவனுடைய சிறகுக்கும் அளவு வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம்தான் மிதக்கலாம், முன்னேற முன்னேறத்தான் அந்த நேரம் கூடும். எதிரியாக இருந்தபோது கணக்கே இல்லாமல் பறந்தவன்!

இதுவரை சொன்னதெல்லாம் நேர்மையான கண்டிப்பு. முடிவு அப்படியில்லை. கடைசி அரக்கனைச் சந்திக்க ஒரு குறிப்பிட்ட ஆயுதம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் கட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரி, அதையும் கொண்டுபோய் ஜெயித்தால் திரையில் ஒரு செய்தி வரும்: இந்த அறை ஒரு மாயை, சாத்தான் விரித்த வலை, தயங்காமல் மேலே போ என்று. மொத்த ஆட்டத்தையும் முதலிலிருந்து, இன்னும் கடினமாக, இரண்டாம் முறை முடித்தால்தான் உண்மையான முடிவு. அந்தக் காலத்து நினைவகச் சிப்புகளில் இடம் குறைவு, விலை அதிகம். இருக்கும் கட்டங்களையே இரண்டு முறை ஓட்டுவது சிக்கனமான வழி என்பது புரிகிறது. இவ்வளவு தூரம் வந்தவர் இனி விடமாட்டார் என்ற கணக்கும் இருந்திருக்கும். ஆனால் குதியில் இருந்த நியாயம் இதில் இல்லை. கேம் முன்கூட்டியே சொல்லாத நிபந்தனைக்கு ஆட்டக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? ரசிகர்கள் இந்த இரண்டாம் சுற்றைப் பெருமையாகப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது கதை சிக்கலாகிறது. 1986இல் நிண்டெண்டோவின் வீட்டுக் கன்சோலான ஃபாமிகாமுக்கு ஒரு வடிவம் வந்தது. மைக்ரோனிக்ஸ் என்ற நிறுவனம் அதை மாற்றித் தந்தது. உலகம் முழுக்க 16 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்த கேமுக்குக் கொடூரம் என்ற பெயர் வாங்கித் தந்ததில் ஆர்கேடைவிட இந்த வடிவத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பேன், காரணமும் தொழில்நுட்பம் சார்ந்தது. அந்தக் கன்சோல் திரையின் ஒரு கிடைக்கோட்டில் 8 உருவத் துண்டுகளுக்கு மேல் காட்டாது. மகாய்முராவோ கூட்டம் கூட்டமாக எதிரிகளை அனுப்பும் கேம். விளைவு, உருவங்கள் மினுக்கின, ஓட்டம் திக்கித் திணறியது. எங்கே விழுவோம் என்று கணக்குப் போட வேண்டிய கேமில் எதிரி ஒரு கணம் கண்ணிலிருந்து மறைந்துபோனால் கணக்கே தப்பு. செத்தால் நம் தப்பு என்ற அடிப்படை ஒப்பந்தம் அங்கே உடைந்தது. காசு போட வேண்டியதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம் என்ற சலுகையால்தான் ஜனங்கள் தாக்குப்பிடித்தார்கள். பிரிட்டனில் எலைட் நிறுவனம் அதே 1986இல் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அங்கே ஒரு தலைமுறைக்கு ஆர்தர் அறிமுகமானது அப்படித்தான்.

தொடர்ந்து வந்தவற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றும் அந்தக் குதியைச் சுற்றி ஒரு சலுகையைச் சேர்த்துப் பார்க்கிறது. 1988இல் வந்த கூல்ஸ் 'ன் கோஸ்ட்ஸில் மேலேயும், குதிக்கும்போது கீழேயும் ஆயுதம் எறியலாம். தங்கக் கவசம் அணிந்தால் மந்திரமும் உண்டு. அதை சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு மாற்றி எழுதியவர் யூஜி நாகா, பின்னாளில் சோனிக் கேமை நிரலாக்கியவர். 1991இல் ஃபாமிகாமின் வாரிசான சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த பாகத்தில் இரட்டைக் குதி வந்தது. இதைச் சலுகை என்று நினைத்தவர்கள் சீக்கிரமே உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். ஆகாயத்தில் ஒரு முறை திசையை மாற்றலாம், ஆனால் அந்த இரண்டாவது குதியும் வளையாது. முன்பு ஒரு முடிவைத் தப்பாக எடுத்தோம், இப்போது இரண்டு. கட்டங்களையும் இரட்டைக் குதி இல்லாமல் கடக்கவே முடியாதபடி அமைத்துவிட்டார்கள். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஃபுஜிவாராவின் கை இந்த வரிசையோடு நின்றுவிடவில்லை. 1989இல் அவர் இயக்கிய ஸ்வீட் ஹோம் ஒரு திகில் கேம், குதியும் ஓட்டமும் கிடையாது. பேய் வீட்டுக்குள் ஐந்து பேர். யாராவது செத்தால் செத்ததுதான், கதை முடியும்வரை திரும்பி வரமாட்டார்கள். திரும்பப் பெற முடியாத முடிவு என்ற அதே சங்கதி, வேறு உடையில். அந்த கேமை அடியாக வைத்து அவர் கேப்காமில் தொடங்கி வைத்த முயற்சிதான் ஷின்ஜி மிகாமி இயக்கி 1996இல் வந்த ரெசிடெண்ட் ஈவில். அதில் ஆட்டத்தைச் சேமித்து வைப்பதற்கே தட்டச்சு மெஷினுக்கான மை ரிப்பன் தேவை, ரிப்பன்களோ எண்ணிக்கைதான். தோட்டாவும் அப்படியே. உலகம் முழுக்க விற்ற அந்தத் திகில் தொடரின் வேர்களில் ஒன்று டிராயரோடு ஓடிய ஆர்தரிடம் போய்ச் சேர்கிறது என்பது பலருக்குத் தோன்றாத விஷயம்.

இன்றைய 'கஷ்டமான கேம்' ரசிகர்கள் டெமன்ஸ் சோல்ஸ் (2009), டார்க் சோல்ஸ் (2011) பற்றிப் பேசும்போது மகாய்முராவையும் சேர்த்து இழுப்பார்கள். நேர்க்கோடு போட்டு அப்பன் பிள்ளை என்பது மிகை. ஆனால் குடும்பச் சாயல் இருக்கிறது. அவற்றில் வாளை ஓங்கிவிட்டால் வீசி முடிக்கும்வரை திரும்ப முடியாது. எதிரி அடிக்க வருகிறான் என்று தெரிந்தாலும் கை நடுவில் நிற்காது. கேப்காமின் மான்ஸ்டர் ஹன்டரிலும் (2004) பெரிய வாளை எடுத்தால் இதே கதி. பட்டனை அழுத்துவது ஒரு வாக்குறுதி, அதை நடுவில் வாபஸ் வாங்க முடியாது. 1985இல் குதிக்கு இருந்த சட்டம் இங்கே வாளுக்கு வந்திருக்கிறது. காசு போடும் பெட்டி எப்போதோ ஒழிந்துவிட்டது, இவர்களை அவசரப்படுத்த எந்தக் கடைக்காரரும் இல்லை. இருந்தும் ஜனங்கள் விரும்பிப் போய்ச் சாகிறார்கள். வருமானத்துக்காக வைத்த கண்டிப்பு, வருமானக் காரணம் போன பிறகு ஒரு ருசியாகவே நின்றுவிட்டது.

சுயேச்சையாகக் கேம் செய்பவர்களும் அந்த ருசியைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த லோகோமாலிடோ 2012இல் வெளியிட்ட மால்டிடா காஸ்டிய்யா அதற்கு நல்ல உதாரணம். ஸ்பானிய, ஐரோப்பியப் பழங்கதைகளின் பூதங்களை எடுத்துக்கொண்டு, ஆர்தரின் ஓட்டத்தையும் எறியும் ஆயுதங்களையும் வைத்து, எண்பதுகளின் ஆர்கேட் போர்டில் ஓடியிருக்கக்கூடிய மாதிரியே செய்திருக்கிறார்.

2021 பிப்ரவரியில் கேப்காம் கோஸ்ட்ஸ் 'ன் காப்ளின்ஸ் ரெசரக்‌ஷனை வெளியிட்டது, இயக்கம் மறுபடியும் ஃபுஜிவாரா. படங்கள் கையால் வரைந்த பழங்காலக் கதைப்புத்தகம் போல இருக்கும், அழகு. இந்த முறை நான்கு கடினநிலைகள். மேல்நிலையில் பழைய மாதிரியே இரண்டு அடியில் கதை முடியும். கீழே வர வர ஆர்தர் கூடுதல் அடி தாங்குவான், எதிரிகள் குறைவார்கள். அடிமட்ட நிலையில் செத்தால் செத்த இடத்திலேயே எழுந்து நடக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். துணைக்கு இன்னொருவரையும் உட்காரவைத்து ஆடலாம். இத்தனையையும் தளர்த்தியவர்கள் ஒன்றை மட்டும் தொடவில்லை. நான்கு நிலைகளில் எதை எடுத்தாலும் அவன் குதி ஆகாயத்தில் வளையாது. அதை மாற்ற மெனுவில் இடமும் இல்லை.